தொப்பியைப் பார்க்காதே

டிசம்பர் 9, திங்கள்

இன்று அலுவலகத்தில் கிறிஸ் மாம் சீட்டு எடுத்தார்கள். ஆறு மாதமாக யார் கண்ணிலும் படாமல் வேலை பார்த்து வந்தேன். அது இன்றோடு முடிந்தது.

நாற்பத்திரண்டு பேரின் பெயரையும் எழுதிக் குலுக்குவார்கள். யார் பெயர் நம் கைக்கு வருகிறதோ அவர் நமக்குக் கிறிஸ் சைல்ட். நாம் அவருக்குக் கிறிஸ் மாம். மீசை வைத்தவராக இருந்தாலும் மாம்தான். இருபத்து மூன்றாம் தேதிவரை நாம் யார் என்று காட்டிக்கொள்ளாமல் நம் சைல்டுக்கு டாஸ்க் எழுதிப் போட வேண்டும். வரவேற்பறையில் தெர்மாகோலில் ஒரு பனி மனிதன் செய்து வைத்திருக்கிறார்கள். அதன் வயிறுதான் பெட்டி. பூட்டு போட்டது. உள்ளே போட்ட சீட்டை யாரும் திரும்ப எடுக்க முடியாது. நான்கு மணி டீ நேரத்தில் ரோஷிணி மைக் பிடித்துப் படிப்பாள். வேலை என்னவோ வரவேற்பு மேசையில்தான், ஆனால் இந்த மாதம் முழுக்க அவள்தான் இங்கே முதலாளி.

“புடிக்கலன்னா செய்ய வேணாம்ப்பா, நோ கம்பல்ஷன்!” என்றாள். போன வருடம் செய்ய மாட்டேன் என்று சொன்ன ஒரு பெண்ணை இன்றும் இவர்கள் ‘சாமியாரம்மா’ என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

எனக்கு ஷெரின் பெயர் வந்தது. அது ஒன்றுதான் நல்லது. ஷெரினும் நானும் ஒரே நாளில் சேர்ந்தவர்கள். வேளச்சேரி விடுதியில் ஒரே அறை, அலுவலகத்தில் பக்கத்துப் பக்கத்து மேசை. மருத்துவக் காப்பீட்டு விண்ணப்பங்களைச் சரிபார்ப்பது எங்கள் வேலை. அவளுக்குத் தக்கலை, எனக்கு ஜெயங்கொண்டம் பக்கம். நான் பேசாததையும் சேர்த்து அவள் பேசுவாள்.

தணிக்கைப் பிரிவு மாசிலாமணி சார் இன்றும் என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டிக்கொண்டே போனார். என் முகத்தில் என்ன எழுதி ஒட்டியிருக்கிறது? அவருடைய போன் அடிக்கும்போதெல்லாம் பழைய நடிகர் ராஜபூபதி படப் பாட்டு வருகிறது. அந்தப் பாட்டு வந்தால் நான் எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விடுகிறேன். இன்று மட்டும் ஐந்து முறை தண்ணீர் குடித்தேன்.

டிசம்பர் 10, செவ்வாய்

ஷெரினுக்கு நான் எழுதிய டாஸ்க்: ‘தண்ணீர்க் கேனை உன் மாமியாராக நினைத்துப் பத்து வரி பேசு.’

அவள் கேன் முன்னால் போய் நின்று துப்பட்டாவை இழுத்து இடுப்பில் செருகினாள். “அத்த, நீங்க நெறஞ்சு இருக்கும்போதும் யாருக்கும் பிரயோஜனம் இல்ல. காலியானாலும் எடத்த விட்டு நவுர மாட்டேங்கிய. ஒங்கள தூக்கி வச்சு எனக்கு நடுவு ஒடிஞ்சு போச்சு, கேட்டியளா!” என்றாள். கணக்குப் பிரிவில் ஒருவர் டீயைத் துப்பிவிட்டார். நான் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். எழுதியது நான் என்று அவளுக்குத் தெரியாது.

எனக்கு வந்தது: ஒவ்வொருவருக்கும் பெயர் சொல்லிக் காலை வணக்கம் சொல்ல வேண்டும், சாயங்காலம் நான்கு மணிக்கு. சொன்னேன். பாதிப் பேருக்குக் கேட்டிருக்காது.

டிசம்பர் 11, புதன்

விடுதியில் நான்காவது நாளாகச் சேமியா உப்புமா. எனக்கு டாஸ்க் வரவில்லை.

டிசம்பர் 12, வியாழன்

எழுதினால் கொஞ்சம் ஆறுமா என்று பார்க்கிறேன்.

ரோஷிணி மைக்கில் படித்தாள். “அம்சவேணி! உன் கிறிஸ் மாம் செம்ம டாஸ்க் குடுத்திருக்காங்க. அடுத்த வார வெள்ளிக்கிழமை, இருபதாம் தேதி, நீ நடிகர் ராஜபூபதியா வரணும். செவப்பு ஸ்கார்ஃப், வெள்ளை ஷூ, தொப்பி. அந்தத் தொப்பி வீசுற ஸ்டெப் கண்டிப்பா வேணும்!”

எல்லோரும் மேசையைத் தட்டினார்கள். எனக்குக் காது அடைத்துவிட்டது.

இந்த நோட்டில்கூட நான் இதுவரை எழுதியதில்லை. என் அப்பா கலியமூர்த்திதான் ஜூனியர் ராஜபூபதி. திருவிழாக்களில் நடக்கும் ஆடலும் பாடலும் நிகழ்ச்சியில் ராஜபூபதி மாதிரியே வேஷம் கட்டி ஆடுகிறவர். சிவப்பு ஸ்கார்ஃப், வெள்ளை ஷூ, சுருட்டை விக். மூன்று சுற்று சுற்றித் தொப்பியை வீசுவார். சுற்றுவட்டாரத்தில் சுவரொட்டியில் அவர் படம் இருக்கும். அந்த ஆட்டத்தில் வந்த காசில்தான் நான் படித்தேன். எங்கள் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான்.

ஒன்பதாம் வகுப்பு படிக்கும்போது எங்கள் ஊர்த் திருவிழாவில் ஒருவன் குடித்துவிட்டு மேடையேறி அப்பாவின் விக்கைப் பிடுங்கி எடுத்தான். உள்ளே வழுக்கை. ஊரே சிரித்தது. அப்பா நிறுத்தவில்லை, வழுக்கைத் தலையோடு மிச்சப் பாட்டையும் ஆடி முடித்தார். மறுநாள் வகுப்பில் பையன்கள் அத்தனை பேரும் தலையில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். வாத்தியாரும் சிரித்தார். அப்போது அப்பா மேல் கோபப்பட்டேனா, அவர்கள் மேலா என்று இப்போது ஞாபகமில்லை.

வேலையில் சேரும்போது படிவத்தில் தந்தை தொழில் என்ற இடத்தில் ‘விவசாயம்’ என்று எழுதினேன். எங்களுக்கு நிலமே கிடையாது.

இந்த ஊரில் இது ஒரே ஒரு ஆளுக்குத்தான் தெரியும். ஆகஸ்டில் ஒரு நாள் மின்சாரம் போய் மொட்டை மாடியில் உட்கார்ந்திருந்தபோது ஷெரினிடம் சொன்னேன். அவள் முதலில் சிரித்தாள். “போட்டோ வச்சிருக்கியாட்டி?” என்று கேட்டாள். காட்டினேன். அவளும் அன்றைக்கு ஒன்று சொன்னாள். பி.காமில் அவளுக்கு இன்னும் இரண்டு அரியர் இருக்கிறது. சான்றிதழ் பல்கலைக்கழகத்திலிருந்து வரவில்லை என்று அலுவலகத்தில் சொல்லி வைத்திருக்கிறாள்.

நாற்பத்திரண்டு பேரில் என்னைப் பார்த்து ராஜபூபதி வேஷம் போடச் சொல்ல வேறு யாருக்குத் தோன்றும்?

டிசம்பர் 13, வெள்ளி

காலையில் ஷெரினோடு பேசவில்லை. பேருந்தில் தனி இருக்கையில் உட்கார்ந்தேன்.

“என்னட்டி, மூஞ்சி கடுகு பொரியுத மாதிரி இருக்கு?”

“ஒண்ணுமில்ல.”

“அந்த டாஸ்க்குக்கா? பயப்படாத. யாருக்கும் ஒண்ணும் தெரியாது. அந்த மாசிலாமணிதான் எழுதியிருப்பாரு. போன எடுத்தாலே ராஜபூபதிதான அவருக்கு.”

எவ்வளவு எளிதாக இன்னொருவர் மேல் தூக்கிப் போடுகிறாள்! மாசிலாமணி சாருக்கு ராஜபூபதி பிடிக்கும், சரி. அதற்கு என்னை ஏன் தேர்ந்தெடுக்க வேண்டும்? நன்றாக ஆடுகிற ஆட்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். நான் மைக்கைப் பார்த்தாலே வியர்த்து வழிகிறவள்.

அவளே எழுதியிருக்கலாம். அல்லது யாரிடமாவது சொல்லிச் சிரித்திருக்கலாம். இரண்டும் எனக்கு ஒன்றுதான்.

மூன்றே முக்காலுக்குச் சீட்டு எழுதினேன். கையெழுத்து தெரியாமல் இருக்க இடது கையால். ‘ஷெரின்: சோகப் படக் கதாநாயகி போல அழுதுகொண்டே வசனம் பேசு. தலைப்பு: என் இரண்டு அரியர்.’ பனி மனிதன் வயிற்றில் போட்டேன். இன்றைக்கான சீட்டுகளை ரோஷிணி ஏற்கெனவே எடுத்துவிட்டாள். திங்கட்கிழமைதான் படிப்பாள்.

பொய் ஒன்றும் எழுதவில்லையே. எப்படி இருக்கும் என்று அவளுக்கும் தெரியட்டும்.

டிசம்பர் 14, சனி

சனிக்கிழமை ஷெரின் துணி துவைக்கும் நாள். என் துணியையும் சேர்த்துத்தான் துவைப்பாள், கேட்கவே மாட்டாள். இன்று என் சுடிதாரை அவள் வாளியிலிருந்து எடுத்துவிட்டேன். “காய்ச்சலா ஒனக்கு?” என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டுத் திரும்பவும் வாளியில் போட்டுக்கொண்டாள்.

டிசம்பர் 15, ஞாயிறு

ஷெரின் பாண்டி பஜார் போய் வந்தாள். பையிலிருந்து ஒரு சிவப்பு ஸ்கார்ஃப் எடுத்து என் மடியில் போட்டாள்.

“பிடி. நடக்கதுதான் நடக்கப் போவுது, நல்லா நடக்கட்டும். அப்பாட்ட போன் பண்ணிக் கேளு, தொப்பிய எப்பிடி எறியணும்னு. ஒனக்கு அவரு ஒருத்தரு போதாதா?”

“எங்க அப்பாவப் பத்திப் பேசாத.”

“நான் என்ன பேசிட்டேன்?”

“பேசாதன்னா பேசாத!”

அவள் ஸ்கார்ஃபை எடுத்து மடித்து வைத்தாள். பிறகு வழக்கம்போல நகச்சாயம் எடுத்து வந்தாள். என் இடது கைச் சுண்டுவிரல் கோணல், அதில் மட்டும் எப்போதும் சாயம் வழியும். ஞாயிறுதோறும் அவள்தான் பூசி விடுவாள். இன்று கையைக் கொடுக்கவில்லை.

ஸ்கார்ஃபை எவ்வளவு அக்கறையாக வாங்கி வந்திருக்கிறாள்! குற்றம் செய்தவர்களுக்குத்தான் இந்த அக்கறை வரும்.

டிசம்பர் 16, திங்கள்

படித்தார்கள்.

ஷெரின் டீக் கோப்பையோடு எழுந்து நின்றாள். முகத்தில் ஒரு துளி ரத்தம் இல்லை. இரண்டு நொடிதான். கோப்பையை வைத்தாள், தரையில் மண்டியிட்டாள், மார்பில் அடித்துக்கொண்டாள். “ஐயோ என் அரியரே! என் இரட்டைப் பிள்ளைகளே! ஒங்கள எந்தக் கரையில சேப்பேன்! ஒருத்தன் காஸ்ட் அக்கவுண்டிங், ஒருத்தன் வருமான வரி, ரெண்டு பேரும் என்ன வுட்டுப் போக மாட்டேங்கியளே!”

எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். இதுவரை வந்த டாஸ்க்கிலேயே இதுதான் டாப் என்றாள் ரோஷிணி. மனிதவளப் பிரிவு வித்யா மேடம் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

ஐந்தரைக்கு மேடம் ஷெரினின் மேசைக்கு வந்தார். “ஷெரின், சிரிச்சிட்டே ஃபைலை எடுத்துப் பார்த்தேன். உங்க மார்க் ஷீட் இன்னும் வரலையே. ஒரு நிமிஷம் உள்ள வாங்க.”

அவளை யார் அவ்வளவு நன்றாக நடிக்கச் சொன்னது? முணுமுணுத்துவிட்டு உட்கார்ந்திருந்தால் யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். எல்லாவற்றையும் ஊரைக் கூட்டிச் செய்தால் இப்படித்தான்.

டிசம்பர் 17, செவ்வாய்

அவளுக்கு முப்பத்தொன்றாம் தேதிவரை கெடு. அதற்குள் மார்க் ஷீட் கொடுக்காவிட்டால் வேலை இல்லை. நவம்பரில் எழுதிய தேர்வுக்கு முடிவு ஜனவரிக் கடைசியில்தான் வரும். “இந்த வாட்டி பாஸ் ஆயிருவேன்னு எனக்கு நல்லாத் தெரியும்ட்டி. ஒரு மாசம். ஒரே ஒரு மாசம்” என்றாள்.

கட்டிலில் உட்கார்ந்து ஸ்கார்ஃபின் ஓரத்தை மடித்துத் தைத்துக்கொண்டே பேசினாள். “எவ எழுதுனாளோ. ஒங்கிட்ட மட்டுந்தான் சொன்னேன்.” ஊசியை நிறுத்தி என்னைப் பார்த்தாள். உடனே தலையை ஆட்டினாள். “சீ. நான் இங்க இருந்து படிக்கும்போது எவளாவது பாத்திருப்பா.”

நான் ஏன் சொல்ல வேண்டும்? அவள் மட்டும் சொன்னாளா?

டிசம்பர் 18, புதன்

மீண்டும் சேமியா. தட்டோடு கொட்டினேன். சமையல்கார அக்கா திட்டினார். நானும் பதிலுக்குத் திட்டினேன். ஆறு மாதத்தில் வெளியாள் ஒருவரிடம் நான் சத்தம் போட்டுப் பேசியது இதுதான் முதல்முறை, அதுவும் பாவம் அந்த அக்காவிடம்.

டிசம்பர் 19, வியாழன்

விடுப்பு கேட்கலாம் என்றுதான் இருந்தேன். இரண்டாவது ‘சாமியாரம்மா’ ஆக மனம் வரவில்லை. அப்பாவுக்கு போன் செய்தேன்.

“அப்பா, அந்தத் தொப்பி வீசுறது எப்புடி?”

இருபத்திரண்டு வருடத்தில் நான் அவரிடம் ஆட்டத்தைப் பற்றிக் கேட்டதே இல்லை.

“யாரு பாப்பா ஆடப் போறது?”

“ஆபீசுல ஒருத்தங்க.”

“அப்புடியா. வலது காலுல சுத்தச் சொல்லாத, தடுமாறும். இடது கால ஊணிகிட்டுச் சுத்தணும். மூணாவது சுத்துல கைய வுட்டுடணும். தொப்பியப் பாக்கக் கூடாது. அது எங்க வேணா வுழட்டும். ஜனத்தப் பாக்கணும். அவங்க மூஞ்சப் பாத்தாதான் அவங்க நம்மளப் பாப்பாங்க.”

“சரிப்பா.”

“யாரா இருந்தாலும் நல்லா ஆடச் சொல்லு.”

போனை வைத்த பிறகு அவர் மேலும் கோபம் வந்தது. ஏன் இவ்வளவு சந்தோஷப்பட வேண்டும்?

டிசம்பர் 20, வெள்ளி

ஒரே மூச்சில் எழுதிவிட வேண்டும்.

ஷெரின்தான் எனக்கு ஸ்கார்ஃபைக் கட்டிவிட்டாள். ரோஷிணி பாட்டைப் போட்டாள். முதல் அடியில் கால் ஒட்டிக்கொண்டது. இரண்டாவது அடி தானாக வந்தது. சின்ன வயதில் அப்பா வீட்டுக்குள் பழகும்போதெல்லாம் கதவோரம் நின்று பார்த்திருக்கிறேன். எனக்கே தெரியாமல் அத்தனையும் என் காலில் ஏறியிருந்திருக்கிறது. புருவத்தை ஏற்றினேன், ஒரு தோளை மட்டும் குலுக்கினேன். இடது காலில் மூன்று சுற்று. தொப்பியை விட்டேன். ஜனத்தைப் பார்த்தேன்.

விழுந்து விழுந்து சிரிக்கிற ஒரு முகத்தைத்தான் தேடினேன். ஷெரின் சிரிக்கவில்லை. இரண்டு கையையும் வாயில் வைத்துக்கொண்டு, நான் விழுந்துவிடக் கூடாதே என்று பார்ப்பதுபோல நின்றிருந்தாள்.

அவளுக்குப் பின்னால் மாசிலாமணி சார் நாற்காலி மேல் ஏறி நின்றுகொண்டிருந்தார். “தலைவா!” என்று கத்தினார். பை நிறையக் கிழித்து வைத்திருந்த காகிதத் துண்டுகளை வாரி என் மேல் இறைத்தார், தியேட்டரில் முதல் நாள் முதல் காட்சியில் இறைப்பதுபோல. கன்னத்தில் கண்ணீர்.

“சார், இறங்குங்க சார்! ஏன் சார் நீங்க அழுறீங்க?” என்றாள் ரோஷிணி.

“நான்தாம்மா இவ கிறிஸ் மாம்! இருபத்து மூணு வரைக்கும் எல்லாம் என்னால முடியாது!” அப்படியே என்னிடம் ஓடி வந்தார். “நீ வேலைக்கு வந்த மொத நாளே பாத்தேன்மா. அந்தப் புருவம், அந்த மூக்கு, அந்தத் தாடை. அப்படியே நம்ம ராஜபூபதி ஜாடை! ஆறு மாசமா வீட்ல சொல்லிட்டு இருக்கேன், யாரும் நம்பல. சீட்டுல உன் பேரு வந்ததும் எனக்கு லாட்டரி அடிச்ச மாதிரி ஆயிடுச்சு. ஏம்மா, வீட்ல அப்பா, அம்மா யாராவது அவர் ரசிகரா?”

“இல்ல சார். அப்பா விவசாயம்” என்றேன்.

யாரும் யாரிடமும் எதையும் சொல்லவில்லை. நான் அப்பாவின் முகத்தோடு தினமும் வந்து அந்த மேசையில் உட்கார்ந்திருந்தேன், அவ்வளவுதான். இதற்கா நான் இடது கையால் எழுதினேன்?

தொப்பி ஏசி மேல் போய் விழுந்திருந்தது. ஷெரின் குடையால் தட்டி எடுத்துக் கொடுத்தாள். “கலக்கிட்ட, போ” என்றாள்.

டிசம்பர் 21, சனி

ஷெரின் என் துணியைத் துவைத்தாள்.

டிசம்பர் 22, ஞாயிறு

சொல்லிவிட வேண்டும் என்று காலையில் இரண்டு முறை பேச்சை எடுத்தேன். முதல் முறை அவள் சர்ச்சில் கேரல் பாடப் பயிற்சிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். அடுத்த முறை, “செவப்பா, ரோசா?” என்று இரண்டு நகச்சாயப் புட்டிகளையும் தூக்கிக் காட்டினாள். சிவப்பு என்றேன். பூசிவிட்டாள். கோணல் விரலில் வழிந்ததைத் தன் துப்பட்டாவிலேயே துடைத்தாள்.

என்னைப் போல ஒரு கோழையை நான் பார்த்ததில்லை.

டிசம்பர் 23, திங்கள்

காலையில் முதல் வேலையாக வித்யா மேடத்தின் அறைக்குப் போனேன். அந்தச் சீட்டை எழுதியது நான், ஷெரின் மேல் உள்ள கோபத்தில் எழுதினேன், அவள் பாஸ் ஆகிவிடுவாள், ஜனவரிவரை பொறுங்கள் என்று சொன்னேன்.

“நீங்க எழுதலைன்னாலும் ஒரு நாள் நான் ஃபைலைப் பார்த்திருப்பேன், அம்சவேணி. அதுக்காக நீங்க செஞ்சது சரின்னு ஆயிடாது” என்றார். “தலைமை அலுவலகத்துக்கு எழுதறேன். உறுதி எதுவும் தர முடியாது.”

அந்தப் படிவத்தையும் கேட்டு வாங்கினேன். ‘விவசாயம்’ என்பதை அடித்துவிட்டு ‘நடனக் கலைஞர்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அவர் அதை வாங்கி ஃபைலில் வைத்தார்.

நான்கு மணிக்குக் கிறிஸ் மாம் யார் என்று காட்டும் சடங்கு. சைல்டின் கண்ணை ரிப்பனால் கட்டிவிடுவார்கள். மாம் பேசாமல் வந்து கையை நீட்ட வேண்டும். சைல்ட் அந்தக் கையைத் தடவிப் பார்த்து மூன்று முறைக்குள் யார் என்று சொல்ல வேண்டும்.

ஷெரின் நடுவில் நின்றாள், கண்கட்டோடு, சிரித்துக்கொண்டு. நான் கையை நீட்டினேன். விரல் விரலாகத் தடவினாள். சுண்டுவிரலுக்கு வந்ததும் அவள் கை நின்றுவிட்டது. நேற்றுப் பூசிய சாயத்தின் மேல் அவள் கட்டைவிரல் அப்படியே இருந்தது.

“ரோஷிணி” என்றாள்.

“தப்பு!” என்று கூட்டம் கத்தியது.

“வித்யா மேடம்.”

“தப்பு!”

“அப்போ மாசிலாமணி சாருதான். அவருக்குத்தான் கை இவ்ளோ சொரசொரன்னு இருக்கும்.” எல்லோரும் சிரித்தார்கள். கட்டை அவிழ்த்தார்கள். “அட, நீயா!” என்று கூவி என்னைக் கட்டிக்கொண்டாள். கட்டிக்கொண்டே என் காதருகில் சொன்னாள்: “எல்லாரும் பாக்காவ. சிரி.”

சிரித்தேன். நான் வாங்கி வைத்திருந்த பரிசை அவள் வாங்கிக்கொண்டாள். பிரிக்கவில்லை.

மாசிலாமணி சார் கேக்கைக் கையில் வைத்துக்கொண்டு ஷெரினிடம் வந்தார். “நீ அவ ரூம்மேட்தானே? உண்மையச் சொல்லு. அந்த ஸ்டெப்பெல்லாம் சும்மா வராது. அவங்க அப்பா யாரு?”

பழி வாங்க இதைவிட நல்ல நேரம் அவளுக்குக் கிடைக்காது.

“எனக்குத் தெரியாது சார்” என்றாள். என்னைப் பார்க்கவில்லை. “அவகிட்டயே கேளுங்க.”

“சார்” என்றேன். எனக்கே அது யார் குரலோ போல இருந்தது. அறையே என் பக்கம் திரும்பியது. “எங்க அப்பா பேரு கலியமூர்த்தி. ஜூனியர் ராஜபூபதி. திருவிழாவுல ஆடுவாரு.”

மாசிலாமணி சார் கேக்கைக் கீழே வைத்துவிட்டு என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். ரோஷிணி விசிலடித்தாள். யார் யாரோ போட்டோ கேட்டார்கள். நான் வாசலைப் பார்த்தேன். ஷெரின் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டிருந்தாள்.

டிசம்பர் 24, செவ்வாய்

நேற்று நான் அறைக்கு வருவதற்குள் ஷெரின் ஊருக்கு ரயிலேறிவிட்டாள். பண்டிகைக்குத்தான் போயிருக்கிறாள், திரும்பி வருவாளா என்று தெரியாது. மூன்று முறை அழைத்தேன், எடுக்கவில்லை. ‘மேடத்திடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், தலைமை அலுவலகத்துக்கு எழுதுகிறார்கள்’ என்று செய்தி அனுப்பினேன். ‘ம்’ என்று வந்தது.

அப்பாவுக்கு போன் செய்து, அன்றைக்கு ஆடியது நான்தான் என்று சொன்னேன்.

“தொப்பி எங்க வுழுந்துச்சு?” என்றார்.

“ஏசி மேல.”

கடகடவென்று சிரித்தார். “ஜனத்தப் பாத்தியா?”

“பாத்தேன்ப்பா” என்றேன். சிக்னல் இல்லை என்று வைத்துவிட்டேன்.

பிறகு குளியலறைக்குப் போனேன். ஊருக்குக் கிளம்பும் நாள் என்பதால் நேற்று காலை இரண்டு பேர் துணியையும் ஒரே வாளியில் ஊறவைத்துவிட்டுத்தான் ஷெரின் வேலைக்குக் கிளம்பினாள். சாயங்காலம் வந்து அவளுடையதை மட்டும் அலசி, பிழிந்து, ஈரத்தோடே பையில் போட்டு எடுத்துப் போயிருக்கிறாள்.

என் சுடிதார் வாளியிலேயே கிடக்கிறது. தண்ணீர் நாற ஆரம்பித்துவிட்டது.